உத்திரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கு

ஒரு மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வர யாழ்ப்பாணம் போனேன் என்றால் மலேசியாவில், எங்கள் சிரம்பானில், யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. கரவெட்டியில் இருக்கும் என் பெரியப்பாவின் மகள் பத்மா அக்காவுக்குக் கிட்டப் பார்வை. அவளுடைய கண்ணாடி உடைந்து, ஒரு பக்கத்துக் காலும் போய், நூல் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள். சண்டைக் காலத்தில் அங்கே புதிது செய்விக்க வழியில்லை. கண் டாக்டர் எழுதிய துண்டு கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. செய்து முடித்த கண்ணாடியை அனுப்ப ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம், பேச்சுவார்த்தை நடக்கிறது, பீரங்கிகள் சும்மா இருக்கின்றன என்று செய்தி வந்ததும் நானே புறப்பட்டுவிட்டேன்.

எனக்குச் சொந்தமாகவும் ஓர் ஆசை இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடந்தோறும் கரும்பலகையில் ஒரு சுருளை வரைந்து, ‘இதுதான் ஆந்திரமேடா. நம்முடைய பால்வெளியைப் போலச் சுருள் சுருளாக இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலம். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்’ என்று சொல்வது வழக்கம். போன வருடம் ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள். “இல்லையே” என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் ஊர் வானம் தெருவிளக்கு வெளிச்சத்தில் செம்மஞ்சளாகக் கிடக்கும். அதில் நிலவைக் கண்டாலே பெரிய காரியம். “பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஐந்து வருடமாக மின்சாரம் இல்லாத ஊருக்கு, அங்கே நல்ல இருட்டாக இருக்குமே என்று சப்புக்கொட்டிக்கொண்டு போகிறவளை என்னவென்று சொல்வது? என் கணவர் அதைத்தான் கேட்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

தொலைநோக்கிக் கண்ணாடி கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொன்னதால் அதைக் கொழும்பில் ஒரு சிநேகிதியிடம் வைத்துவிட்டேன். கையில் மிஞ்சியது நட்சத்திர வட்டு மட்டும்தான். மாதத்தையும் நேரத்தையும் பொருத்திச் சுழற்றினால் அந்த நேரத்து வானத்தைக் காட்டும் அட்டை அது. சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டான். நட்சத்திரம் பார்க்கிற அட்டை என்று பக்கத்தில் நின்றவர் சொல்லிக்கொடுத்தார். சிப்பாயின் முகம் மாறிவிட்டது. “அப்படியானால் எனக்கு எப்போது கல்யாணம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்” என்றான். நான் வட்டைச் சுழற்றி, யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்று, “வெசாக் பண்டிகை வருவதற்குள்” என்றேன். மற்றச் சிப்பாய்கள் கைதட்டினார்கள். அட்டை பத்திரமாக என் பைக்குத் திரும்பியது.

கரவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பத்மா அக்கா என் கையைப் பிடித்தாள், முகத்துக்குக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். “நீ சித்தப்பாவின்ரை மூக்கையெல்லோ கொண்டு வந்திருக்கிறாய்!” என்று சிரித்தாள். நான் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனவள் வேலி, கிணறு, பனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் இருட்டிவிட்டது. அத்தான் ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெயும். அதன் வெளிச்சம் போத்தலைவிட்டு வெளியே வரவே யோசித்தது.

“இதுக்குள்ளை எந்தக் கண்ணாடி போட்டும் ஒரு முகம் வடிவாய்த் தெரியாது” என்றாள் அக்கா. “அஞ்சு வரியமாய்ச் சொந்தக்காரரை இரவிலை குரலை வைச்சுத்தான் மட்டுப்பிடிக்கிறம்.” சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். சிரம்பானில் நான் நாள் முழுக்கச் சாப்பிடுகிற அளவை அக்கா முதல் தடவையிலேயே, கோப்பை என்று அவர்கள் சொல்கிற தட்டில் வைத்துவிட்டாள். “காணும் அக்கா” என்றேன். இன்னொரு அகப்பை விழுந்தது. “ஐயோ, உண்மையாகவே காணும், போதும்.” இன்னொன்று. கோப்பைக்குக் குறுக்கே கையை வைத்தேன். விரல் இடுக்கு வழியாகப் புட்டு வந்தது. அத்தான் சொன்னார்: “பிள்ளை, இஞ்சை காணும் எண்டா அது ஒரு மரியாதைக் கதை. ஒருத்தரும் கணக்கெடுக்கமாட்டினம்.” பிறகு சீனி இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன. தேநீரைக் கொடுக்கும்போது மட்டும் அக்காவின் முகம் சுருங்கியது. “மலேசியாவிலை இருந்து வந்த பிள்ளைக்கு ஒரு கரண்டி சீனி போடக் கிடைக்கேல்லை” என்றாள். எனக்கென்னவோ எங்கள் ஊரில் இழுத்து ஆற்றுகிற பால் தேநீரான தே தாரிக்கைவிட அது பிடித்திருந்தது. சொன்னேன். அதையும் மரியாதைக் கதை என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா எனக்காக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். என் ஆசையை அப்போது சொன்னேன். ஆந்திரமேடா எப்படி இருக்கும் என்று கேட்டாள். எண்ணெயில் மிதந்த முறுக்கைக் காட்டி, “இதைப் போலத்தான். நடுவில் இருந்து சுருண்டு சுருண்டு போகும்” என்றேன்.

“இஞ்சாருங்கோ!” என்று அத்தானைக் கூப்பிட்டாள் அக்கா. “உவள் வானத்திலை இருக்கிற முறுக்கைப் பாக்க வந்திருக்கிறாளாம்!”

“சட்டியிலை இருக்கிறது காணாதாமோ?” என்றார் அத்தான் வெளியே இருந்து.

சிரித்து முடித்ததும் அக்கா அகப்பையை வைத்துவிட்டுப் பொறுப்பாகக் கேட்டாள். “சரி, அதுக்கு என்ன ஏற்பாடு செய்யவேணும்? சொல்லு.”

“ஒண்ணும் வேண்டாம் அக்கா. வெளியான ஒரு இடமும் கொஞ்சம் இருட்டும் இருந்தாப் போதும்.”

“ஓமோம்” என்று தலையாட்டினாள் அக்கா. அத்தானைப் பார்த்தாள். அத்தானும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்று மாலை மழை. அதற்கடுத்த நாளும் மேகம். பூச நிலவு தேய்ந்து, முன்னிரவு எல்லாம் அருமையான இருட்டு. அந்த இருட்டுக்கு மேலே ஒரு சாம்பல் போர்வை. நான் முற்றத்தில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தானோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் என்ற இடத்தில் கை உளைந்து நிறுத்திவிட்டார். என்ன முன்னேற்றம் என்று தெரியாமலே படுத்தோம்.

மூன்றாம் நாள் தொண்டைமானாறு சந்நிதி கோயிலுக்குப் போனோம். அத்தானின் சைக்கிள் கரியரில் நான், இன்னொரு சைக்கிளில் அக்கா. டயருக்குள் இருக்கும் டியூபில் ஒட்டுப் போடாத இடமே இல்லை. பாலத்துக்குக் கிட்டப் போகும்போது அது தன் கடைசி மூச்சை விட்டது. அத்தான் இறங்கி உருட்டினார், நான் பின்னால் நடந்தேன். கடனீரேரியில் இருந்து நல்ல காற்று. வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆற்றை பிள்ளை நீர்?”

என் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“ஓ! முறுக்குப் பாக்க வந்த மலேசியாப் பிள்ளையோ?”

இந்த ஊரில் தொலைபேசி இல்லை, தபால் ஒழுங்காக இல்லை. கரவெட்டியில் சுட்ட முறுக்கு எங்களுக்கு முன்னால் தொண்டைமானாற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் சிரம்பானில் வீட்டுக்கு வீடு தொலைபேசி இருக்கிறது, அடுத்த வீட்டில் யார் என்று தெரியாது. கோயில் மடத்தில் வாழையிலை போட்டுச் சோறு கொடுத்தார்கள். “காணும்” என்று நான் சொல்லவே இல்லை. சொல்லி என்ன பயன்?

நாலாம் நாள் அத்தானுக்கு மருதனார்மடம் சந்தையில் ஏதோ அலுவல். நானும் தொற்றிக்கொண்டேன். போனது மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு வான் வண்டியில். அதைக் கிளப்புவதற்குக் குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தார் சாரதி. மூடியைத் திறந்து, எஞ்சினுக்கு இரண்டு சொட்டுப் பால் கொடுப்பதுபோல் கொடுத்தார். அது இருமிக்கொண்டு எழும்பியது. உள்ளே இருந்த நாங்களும் புகையில் இருமினோம். வரும் வழியில் அது நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அத்தான் மட்டும் தள்ளவில்லை. பஞ்சு சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வானுக்குப் பின்னால் மெல்ல நடந்து வந்தார்.

“என்ன அத்தான் அது, முட்டையா?”

“அது ஒரு சாமான்” என்றார்.

ஐந்தாம் நாள்தான் என் கடைசி நாள். அடுத்த நாள் காலை நான் புறப்பட வேண்டும். அன்று காலையிலிருந்தே வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது. பின்னேரம் வயல் வரம்பில் நடந்துபோய் வடமேற்கில் எந்த மரமும் மறைக்காத இடம் ஒன்றைப் பார்த்து வைத்தேன். அந்தப் பக்கம் தூரத்தில் பனைகள் மட்டும்தான். பொழுதுபட்டதும் ஆந்திரமேடா நல்ல உயரத்தில் நிற்கும். நேரம் போகப் போகப் பனைகளுக்குள் இறங்கும். முகம் கழுவி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

வேலிக் கதவான படலையைத் தாண்டியதும் கண் கூசியது.

முற்றத்து மாமரக் கிளையில் ஒரு பெற்றோமாக்ஸ் தொங்கியது. சீறிக்கொண்டு, பால் வெள்ளையாக வெளிச்சத்தைக் கொட்டியது. பாய்கள் விரித்திருந்தார்கள். சித்தப்பாமார், மாமிமார், மச்சான்மார் என்று முற்றம் நிறைந்த சனம். ஒரு பக்கத்தில் கூழ்ப்பானை. விளக்கின் சொந்தக்காரர் சின்னராசா அண்ணை பக்கத்தில் காவல் நின்றார். முந்தி ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவருடைய விளக்குத்தானாம். ஐந்து வருடமாகப் பரணில் கிடந்ததாம்.

“எப்பிடி?” என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “விளக்குக்குள்ளை எரியிற மெண்டில் மருதனார்மடத்திலை ஒருத்தரிட்டை ஒண்டே ஒண்டு இருந்தது. தொட்டால் உடையிற சாமான். நான் அண்டைக்கு ஏன் வானைத் தள்ளேல்லை எண்டு இப்ப விளங்குதோ?”

மண்ணெண்ணெயை அக்கா சேர்த்திருக்கிறாள். நான் வருகிறேன் என்று தெரிந்த நாளில் இருந்து ஜாம் போத்தலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஊற்றிச் சேர்த்தாளாம். “வெளியிலை போய் இருட்டுக்குள்ளை நிண்டு பாக்கிறதோ? நீ கூச்சத்திலை அப்பிடிச் சொன்னனி எண்டு எனக்குத் தெரியாதோ?” என்றாள். “வடிவாய் வெளிச்சத்திலை, சொந்தக்காரரோடை இருந்து பார்.”

விளக்கை அணைக்கச் சொல்ல அக்காவின் பின்னால் போனேன்.

அவள் செய்துகொண்டிருந்ததைக் கண்டு நின்றுவிட்டேன். புதுக் கண்ணாடியோடு பாய் பாயாகப் போய், ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து முகத்தைப் பார்த்தாள். “எட, உனக்கு எப்ப நரைச்சது?” என்றாள் ஒருவரிடம். “மச்சாள், நீ நல்லா மெலிஞ்சு போனாய். குரலிலை தெரியேல்லையே!” என்று இன்னொருத்தியின் கன்னத்தைப் பிடித்தாள். அவர்களும் ஒருவரை ஒருவர் புதிதாய்க் கண்டவர்கள்போலப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த விளக்கை எந்த வாயால் அணைத்து நூர்க்கச் சொல்வது?

மேலே பார்த்தேன். மாமரத்தின் அடிப்பக்கம் பளபளத்தது. அதற்கு மேல் வானம் வெறும் கறுப்பு. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

கூழ் வந்தது. நண்டும் றாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் பனங்கிழங்கு ஒடியல் மாவில் கொதித்து, உறைப்பு மூக்கால் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கூழை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. ஆனாலும் என் மனம் வடமேற்கில்தான் கிடந்தது. மெல்ல எழுந்து படலைப் பக்கம் நழுவினேன். வரம்பில் கால் வைத்து, கண் இருட்டுக்குப் பழகத் தொடங்கிய நேரம் பின்னால் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. ஒரு மாமி, ஜாம் போத்தலோடு.

“தனிய வராதை பிள்ளை. பாம்பு பூச்சி கிடக்கும்.”

அவரோடு திரும்பினேன். மறுபடி கிணற்றடிப் பக்கம் நழுவினேன். இப்போது ஒரு மச்சான், இன்னொரு ஜாம் போத்தலோடு. மூன்றாம் தடவை வேலி ஓரமாகப் போனபோது சின்னராசா அண்ணையே எழுந்துவிட்டார். “பிள்ளைக்கு அங்காலை வெளிச்சம் காணாதாக்கும். விளக்கைக் கழட்டி அங்கை கொண்டு போய்க் கொழுவுவமோ?” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி, போகட்டும், வகுப்பில் போய் இந்தக் கதையைச் சொன்னால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். புதுக் கண்ணாடியால் என் முகத்தை நேராகப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. மறைக்க முடியவில்லை.

“என்னடி? ஏன் கண் கலங்கியிருக்கு?”

“உறைப்பு அக்கா.”

“என்னட்டைப் பொய் சொல்லாதை.”

சொல்லிவிட்டேன். வெளிச்சம் இருந்தால் அது தெரியாது, இருட்டாக இருந்தால் மட்டும்தான் தெரியும், இப்போது பனைகளுக்குக் கிட்டப் போயிருக்கும், பரவாயில்லை என்றேன்.

“அப்ப நீ உண்மையாய்த்தான் ஒண்டும் வேண்டாமெண்டனியோ?”

“ஓம் அக்கா.”

“இருட்டுத்தான் வேணுமெண்டனியோ?”

“ஓம்.”

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். உடம்பு குலுங்கச் சிரித்தாள். “சீனி இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை, ஒண்டும் குடுக்க இல்லையெண்டு நான் ஒவ்வொரு நாளும் வெக்கப்படுறன். எங்களிட்டை மலிஞ்சு கிடக்கிற ஒரே சாமான் இருட்டு. உவள் கடல் தாண்டி வந்து அதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் அதையும் குடுக்காமல் விளக்கைக் கொளுத்தி வைச்சிருக்கிறன்!”

சின்னராசா அண்ணைக்கு விளங்கிவிட்டது. “பத்மா, நூர்த்தால் திருப்பிக் கொளுத்த ஸ்பிறிற் இல்லை” என்றார். “மெண்டிலும் இன்னொருக்கால் தாங்குமோ தெரியாது. இண்டைக்கு இவ்வளவுதான்.”

அக்கா விளக்கின் அடியில் போய் நின்றாள். உடனே நூர்க்கவில்லை. ஒரு சுற்று, அந்த முற்றத்தில் இருந்த எல்லா முகங்களையும் பார்த்தாள். கடைசியாக என்னையும் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தித் திருகினாள்.

சீறல் அடங்கியது. “ஐயோ!” என்று முற்றம் முழுவதும் ஒரே குரல். ஜாம் போத்தல்களையும் நூர்க்கச் சொன்னாள் அக்கா. பிறகு தவளைச் சத்தம் மட்டும்.

“ஒருத்தரும் அசையாதேங்கோ. கண் பழகட்டும்” என்றேன். என் வகுப்புக் குரல் தானாக வந்துவிட்டது. இருட்டில் யாரோ கூழ்க் கோப்பையைத் தட்டிவிட்டார்கள், யாரோ யாரையோ கிள்ளினார்கள், சிரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வானம் வந்தது. முதலில் பெரிய நட்சத்திரங்கள், பிறகு சின்னவை, பிறகு அவற்றுக்கு நடுவிலும் நடுவிலும். நான் அண்ணாந்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நட்சத்திரங்களைக் கண்டதில்லை.

எல்லோரையும் கையைப் பிடிக்க வைத்து வரம்புக்குக் கூட்டிப்போனேன். மேற்கே பெரிய சதுரம் ஒன்று, கட்டில் கால்கள்போல நான்கு நட்சத்திரங்கள். கீழே இருந்த இரண்டு கால்களும் பனைகளைத் தொட்டுவிட்டன. “அவை பூரட்டாதி. மேலே நிற்கிற இரண்டும் உத்திரட்டாதி” என்றேன்.

“என்ரை நட்சத்திரம்!” என்று கத்தினாள் பத்மா அக்கா. “பிறந்த நாளிலை இருந்து கோயிலிலை அதைச் சொல்லி அருச்சனை செய்யிறன். இண்டைக்குத்தான் காணுறன்!”

“உத்திரட்டாதியில் வலப்பக்கம் நிற்கிறதைப் பிடியுங்கோ. அங்கேயிருந்து மேலே ஒன்று, இன்னொன்று. இப்ப வலது பக்கம் திரும்பி, சின்னதாய் இரண்டு. அதற்குப் பக்கத்தில்...”

நான் நிறுத்திவிட்டேன். அது அங்கே இருந்தது. நெற்றியில் பூசிய விபூதி வியர்வையில் கலைந்து மிச்சம் நிற்பதுபோல ஒரு மங்கல் திட்டு. அவ்வளவுதான். சுருளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கண்டன்!” என்றார் அத்தான். “கண்டன், கண்டன்!” என்று வரம்பு நெடுகக் குரல் ஓடியது. “எங்கை? எங்கை?” என்று தாமதமானவர்கள் தவித்தார்கள்.

“இதுதானோ? முறுக்கு எண்டாய்?” என்றார் சின்னராசா அண்ணை.

“தூரம் அண்ணை. இந்த வெளிச்சம் அங்கே இருந்து புறப்பட்டு இருபது இலட்சம் வருசத்துக்கும் மேலே. இப்பத்தான் வந்து சேருது.”

“அப்ப எங்கடை தபால் பரவாயில்லை” என்றார் அத்தான். வரம்பே சிரித்து அதிர்ந்தது.

பத்மா அக்காவைத் தேடிப் போனேன். கிட்டப் போய்த் தொட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். “கண்டனியோ அக்கா?” என்று அவள் பாணியிலேயே கேட்டேன்.

“ஓம்” என்றாள். “என்ரை நட்சத்திரத்துக்குப் பக்கத்து வீடு.” பிறகு இருட்டுக்குள் திரும்பி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்டாயோ கண்டாயோ என்று கேட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு குரலும் ஓம் ஓம் என்றது. அந்தத் திட்டு பனங்குருத்துக்குள் இறங்கி மறையும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை சாமான்கள் கட்டியாயிற்று. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி நிறைய முறுக்கு. வாசலில் வாகனம் வந்து நின்றது. அவசரமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். புட்டும் சம்பலும். முதல் அகப்பை, இரண்டாம் அகப்பை. “காணும் அக்கா” என்றேன்.

மூன்றாவது அகப்பை என் கோப்பைக்கு மேலே வந்து, அப்படியே நின்றது. அக்கா புதுக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

“உண்மையாய்த்தான் சொல்லுறியோ?”

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வெளியே வாகனக்காரர் கூப்பிட்டார். என் வயிறு நிறைந்துதான் இருந்தது.

“இல்லை அக்கா” என்று கோப்பையை நீட்டினேன். “போடு.”